நீர்மூழ்கியைக் கொன்ற கேப்டன் ஸ்விர்னர்

வெல்ஸ் ஊர்த் தொப்பிக்கடைக்காரர் ஃப்ளோரியன் ஸ்விர்னருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கடையைப் பார்த்துக்கொள்வான் என்பது அவன் தொட்டிலில் கிடக்கும்போதே முடிவாகிவிட்டது. இளையவன் எமெரிக்கை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை. கணக்கு வராது, லத்தீன் வராது. முதுகு மட்டும் நேராக இருந்தது. குரலும் கணீரென்று இருந்தது. இந்த இரண்டு சொத்தையும் வைத்துக்கொண்டு வியன்னாவிலிருந்து சக்கரவர்த்தி ஆண்ட எங்கள் சாம்ராஜ்யத்தில் ஒருவன் பிழைக்கக்கூடிய இடம் ஒன்று மாதா கோயில், இல்லாவிட்டால் பட்டாளம். கோயிலுக்குப் போனால் பேரப்பிள்ளை கிடையாதே என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். ஆகவே பட்டாளம்.

எந்தப் பட்டாளம் என்பதை அப்பா ஒரே நாள் சாப்பாட்டு மேஜையில் தீர்த்துவைத்தார்.

"குதிரைப்படைன்னா குதிரைய நாம வாங்கணும், தீனியும் நாமதான் போடணும். கப்பற்படைன்னா கப்பல சக்கரவர்த்தியே வாங்கிடுவாரு. தொப்பி மட்டுந்தான் நம்ம செலவு. அது கடையிலேயே இருக்கு."

"அப்பா, இவன் ஆத்துல எறங்கவே பயப்படுறான்" என்றான் மூத்தவன்.

"கப்பல்ல ஏறப்போறவன் எதுக்குடா தண்ணியில எறங்கணும்?" என்றார் ஃப்ளோரியன்.

அப்படித்தான் எமெரிக் ஃபியூமே நகரத்துக் கடற்படைப் பள்ளிக்கு ரயிலேறினான். கடலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். அழகாக இருந்தது. மறுநாள் பயிற்சிக் கப்பலில் ஏற்றினார்கள். காலையில் தின்ற ரொட்டி, அதற்கு முந்தின இரவு தின்ற சூப், எல்லாவற்றையும் கடல் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டது. பள்ளி மருத்துவர் முதுகில் தட்டி, "ஒரு வருஷத்துல சரியாயிடும் தம்பி" என்றார். அவர் அதை எல்லாரிடமும் சொல்லுவார். எமெரிக் விஷயத்தில் மட்டும் அது பலிக்கவில்லை.

இப்படிப்பட்டவன் கடற்படையில் எப்படி இருபது வருஷம் ஓட்டினான் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் கடற்படை நின்ற போலா துறைமுகத்தைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். எங்கள் கடற்படை விவரமான கடற்படை. கடலுக்குக் கொண்டுபோனால் கப்பல் கெட்டுப்போகும் என்று அதற்குத் தெரியும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் கப்பல்கள் நங்கூரம் போட்டு, பித்தளையைத் துலக்கிக்கொண்டு, வாத்தியம் வாசித்துக்கொண்டு நின்றன. நின்ற கப்பலில் எமெரிக்குக்கு ஒரு குறையும் இல்லை.

தோளில் பட்டை ஏறியதும் 'அவன்' போய் 'அவர்' வந்துவிட்டது. நாமும் இனி அப்படியே சொல்வோம். லெப்டினன்ட் ஸ்விர்னருக்குக் கைவந்த கலை விருந்து. வெளிநாட்டுத் தளபதி வந்தால் அவருக்குப் பக்கத்தில் யாரை உட்காரவைப்பது, ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளும் இரண்டு தூதர்களுக்கு நடுவே எந்தக் கிழவியைப் போடுவது, எந்தக் கொடி இறங்கின பிறகு எந்தக் கொடி ஏற வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டால் கைக்குட்டையை எடுத்துப் பிடித்துப் பார்ப்பார்.

அப்படி ஒரு விருந்தில்தான் ஃபோஸ்காவைச் சந்தித்தார். கப்பல்களுக்கு ரொட்டி சுட்டுத்தரும் தெப்பாங்கேர் வீட்டுப் பெண். போலாவிலேயே பிறந்தவள். நாக்கில் உப்புக் காரம்.

"நீங்க எந்தக் கப்பல் லெப்டினன்ட்?" என்று கேட்டாள்.

பேரைச் சொன்னார்.

"அது கப்பலா? நான் கைக்குழந்தையா இருக்கறப்ப இருந்து அங்கேயேதான நிக்குது, ஏதோ தீவுன்னுல்ல நெனச்சேன்!"

சுற்றி இருந்த அதிகாரிகளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஸ்விர்னர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். "அத வெளியில சொல்லிடாதீங்க. தீவுன்னு தெரிஞ்சா எங்களுக்குக் கடல் படி குடுக்கமாட்டாங்க" என்றார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன் என்று ஃபோஸ்கா பிற்பாடு தன் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கிற சீருடைக்காரனை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

யுத்தம் வந்தது. திறமைசாலிகளுக்கெல்லாம் பெரிய கப்பலும் நீர்மூழ்கியும் போய்விட, மிச்சம் இருந்த ஒரு கிழட்டு டார்பிடோ படகு ஸ்விர்னர் தலையில் விழுந்தது. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, எண்தான். சின்னப் படகு, லேசாகக் காற்றடித்தாலே தொட்டில் மாதிரி ஆடும். கேப்டனின் நாற்காலிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி கட்டியிருக்கும். அதைக் காலி செய்கிற பொறுப்பைத் தலைமை மாலுமி ரோகோ வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. ரோகோ முர்த்தர் தீவுக்காரர். பரம்பரை மீன்பிடிக் குடும்பம். வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "ஐயா இன்னிக்கி மீனுக்கு நல்லா தீனி போட்டுட்டாரு" என்பார். ஸ்விர்னர் முனகிக்கொண்டே சிரிப்பார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

ஒரு ஏப்ரல் மாதம் விடியற்காலை. தீவுகளுக்கு வெளியே ரோந்து. கடல் மூடுபனியாக இருந்தது. ஸ்விர்னர் தொலைநோக்கியை எடுத்தார். தூரத்தில் தண்ணீருக்கு மேலே கறுப்பாக ஒரு குழாய், செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது.

"நீர்மூழ்கி!" என்று கத்தினார். அந்தக் கணீர்க் குரல் அன்றுதான் முதன்முதலாக அரசாங்கத்துக்குப் பிரயோசனப்பட்டது.

படகு பாய்ந்தது. பீரங்கி முழங்கியது. முதல் குண்டு எங்கோ விழுந்தது. இரண்டாவது அதைவிட எங்கோ விழுந்தது. பிறகு ஒன்று நேராகப் போய் அடித்தது. தொப்பென்று ஒரு சத்தம். தண்ணீர் கொப்பளித்தது. குமிழிகள் குபுகுபுவென்று வந்தன. கடல்மேல் வட்டமாக எண்ணெய் படர்ந்தது. நீர்மூழ்கி செத்தால் இப்படித்தான் சாகும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது: குமிழி, பிறகு எண்ணெய். மாலுமிகள் தொப்பியைத் தூக்கி எறிந்து ஆரவாரம் செய்தார்கள். ஸ்விர்னருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே போலாவுக்குக் கம்பியில்லாத் தந்தி போயிற்று: எதிரி நீர்மூழ்கி மூழ்கடிக்கப்பட்டது.

துறைமுகத்துக்குள் நுழையும் நேரத்தில் ரோகோ வந்து நின்றார்.

"ஐயா, ஒரு நிமிஷம் முன்பக்கம் வர்றீங்களா? நாம கொன்ன நீர்மூழ்கியோட ஒரு துண்டு கயித்துல மாட்டிக்கிட்டு வந்திருக்கு."

ஸ்விர்னர் ஓடினார். ஞாபகார்த்தமாக வீட்டில் மாட்டிவைக்கலாம் என்று நினைத்துக்கொண்டே ஓடினார். கயிற்றில் தொங்கியது ஒரு கால். முழங்காலுக்குக் கீழே, ரோமத்தோடு, குளம்போடு.

"லாடம் அடிச்சிருக்காங்க ஐயா" என்றார் ரோகோ, மரியாதையாக.

ஸ்விர்னர் குனிந்து குளம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"இத்தாலிக்காரன் அல்பேனியாவுல இருக்கற அவன் படைக்குக் கோவேறு கழுதைய ஏத்திக்கிட்டுப் போறான்ல, வழியில செத்தத எல்லாம் கடல்ல தள்ளிடுவான். வயிறு ஊதி மல்லாந்து மெதக்கும். காலு வெறச்சு மேல நிக்கும். அந்தக் குமிழி வயித்துக் காத்து ஐயா. எண்ணெய்னு நெனச்சது கொழுப்பு."

இதைக் கேட்டுவிட்டு ஸ்விர்னர் ஒரே ஒரு கணம் நல்ல மனிதராக இருந்தார். "தந்திய வாபஸ் வாங்கிடுவோம் ரோகோ" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் படகு முனையைச் சுற்றித் திரும்பிவிட்டது. துறைமுகச் சுவர் நெடுக ஜனம். வாத்தியக் கோஷ்டி. நடுவில் துறைமுகத் தளபதி, வெள்ளைக் கையுறையோடு. அந்த வாரம் எங்கள் கப்பல் ஒன்று எங்கள் கண்ணிவெடியிலேயே போய் மோதியிருந்தது. ஊருக்கு ஒரு நல்ல சேதி அவசரமாகத் தேவைப்பட்டது. டிரம் முழங்கத் தொடங்கியது.

"கடல்ல போட்டுடு" என்றார் ஸ்விர்னர் மெதுவாக.

"எத ஐயா? கால மட்டுமா, லாடத்தையுமா?"

கேப்டன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

பதக்கம் வந்தது. படம் பிடித்தார்கள். படத்தைத் தபால் அட்டையில் அச்சடித்து வியன்னா வரைக்கும் விற்றார்கள். அட்டையில் ஸ்விர்னர் தொலைநோக்கியோடு எட்டிப் பார்க்கிறார். பின்னால் ஓவியர் வரைந்த நீர்மூழ்கி குப்புறக் கவிழ்கிறது. ஆனால் மாலுமி வாயை எந்தத் தளபதியால் மூட முடியும்? ஒரு மாதத்துக்குள் சாராயக்கடை எல்லாவற்றிலும் சேதி பரவிவிட்டது. ஸ்விர்னர் துறைமுகத்தில் நடந்து போனால் கரி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து யாராவது கழுதை மாதிரி கத்துவார்கள். திரும்பிப் பார்த்தால் எல்லாரும் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

வீட்டில் ஃபோஸ்கா மீன் குழம்பைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, நீர்மூழ்கிக்கு மொத்தம் எத்தனை காலு?"

பழைய ஸ்விர்னராக இருந்தால் தட்டில் தலையை வைத்துச் சிரித்திருப்பார். இவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சக்கரவர்த்தி குடுத்த பதக்கத்த கேலி பண்றியா?"

"கேலி பண்ணலங்க. காலத்தான் எண்ணச் சொன்னேன்."

"இந்த வீட்டுல இனி அந்தப் பேச்சு கூடாது."

ஃபோஸ்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் சிரிக்காமல் எழுந்துபோனது அதுதான் முதல் தடவை. பதக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வரவில்லை, வேறு ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

நீர்மூழ்கியைக் கொன்றவர் என்று பேர் வந்தபின் சும்மா விடுவார்களா? சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போகும் வேலையைக் கொடுத்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில் 'இல்கா' என்ற கப்பல் நிலக்கரி ஏற்றிக்கொண்டு தெற்கே கட்டாரோவுக்குப் புறப்பட்டது. பக்கத்தில் காவலுக்கு ஸ்விர்னரின் படகு. இல்காவின் அடுப்பறையில் கரி அள்ளிப்போடுகிறவர்களில் ஒருவன் யாக்கோவ், ரோகோவின் தம்பி. புறப்படும்போது அண்ணனைப் பார்த்துக் கையாட்டி, "அண்ணே, பயமில்ல! கழுதை வந்தா உங்க கேப்டன் பாத்துக்குவாரு!" என்று கத்தினான். இரண்டு கப்பலும் சிரித்தன. ஸ்விர்னர் காதிலும் விழுந்தது.

நல்ல வெயில். தெளிந்த கடல். மத்தியானம் ரோகோ கீழே எந்திரத்தைப் பார்க்கப் போயிருந்தார். ஸ்விர்னர் தொலைநோக்கியை எடுத்தார். தூரத்தில் தண்ணீருக்கு மேலே கறுப்பாக ஒரு குழாய், செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது.

வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நினைவுக்கு வந்தது நீர்மூழ்கி அல்ல. கரி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வரும் அந்தக் கத்தல். இப்போது பீரங்கியைச் சுட்டு, மறுபடியும் ஒரு குளம்பு வந்து மாட்டிக்கொண்டால்? ஒரு கழுதையைக் கொன்றவனுக்குப் பதக்கம் கிடைத்தது, இரண்டு கழுதையைக் கொன்றவனுக்கு என்ன கிடைக்கும்? இன்னும் கொஞ்சம் பார்ப்போம், நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிணமாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. தொலைநோக்கியைக் கீழே இறக்கினார்.

டார்பிடோவின் வெள்ளைக் கோடு ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இல்காவை நோக்கிப் போவதை அப்போதுதான் பார்த்தார்.

இல்கா இரண்டாக முறிந்தது. மேல்தளத்தில் நின்றவர்கள் குதித்தார்கள். அவர்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். அடுப்பறையில் இருந்தவர்களில் ஒருவரும் மேலே வரவில்லை. ரோகோ படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தம்பி பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார், குரல் போகும்வரை. ஸ்விர்னர் அன்று வாந்தி எடுக்கவில்லை. அது அவருக்கே பிறகுதான் நினைவுக்கு வந்தது.

விசாரணை நடந்தது. மூன்று பெரிய அதிகாரிகள் பச்சைத் துணி விரித்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"எதையாவது பார்த்தீர்களா?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

"இல்லை" என்றார் ஸ்விர்னர்.

மூவருக்கும் நிம்மதி. நீர்மூழ்கியைக் கொன்ற வீரர் கண்ணிலேயே ஒன்றும் படவில்லை என்றால் அங்கே நீர்மூழ்கி இருந்திருக்க முடியாது. ஆகவே இல்கா கண்ணிவெடியில்தான் மோதியிருக்க வேண்டும். கண்ணிவெடி இருக்கும் பக்கம் போனது செத்துப்போன இல்கா கேப்டனின் தவறு. இப்படிச் சுத்தமாகத் தீர்ப்பு எழுதி, செத்தவன் தலையில் அதைக் கட்டி, ஸ்விர்னருக்கு ஒரு படி உயர்வும் கொடுத்து, கரையில் எண்ணெய்ப் பீப்பாய்க் கிடங்குக்கு மேலதிகாரியாக உட்காரவைத்தார்கள். ரோகோ வேறு படகுக்குப் போய்விட்டார். தெருவில் எதிரே வந்தால் சல்யூட் வைப்பார். பேசமாட்டார்.

இரண்டு வருஷம் கழித்து சாம்ராஜ்யமே மூழ்கியது. அதை யார் மூழ்கடித்தார்கள் என்று விசாரிக்க யாரும் பச்சைத் துணி விரிக்கவில்லை. ஒரு நாள் காலையில் கப்பல்களிலிருந்து பழைய கொடி இறங்கி, ரோகோ போன்ற தெற்கு ஸ்லாவியர்களின் புதுக் கொடி ஏறியது. எந்தக் கொடிக்குப் பின் எந்தக் கொடி என்று ஸ்விர்னரை யாரும் கேட்கவில்லை. மாலுமிகளே குழு அமைத்துக்கொண்டார்கள். ஜெர்மன் பேசும் அதிகாரிகள் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஸ்விர்னரின் அலுவலகத்துக்கு வந்த குழுவின் தலைவர் ரோகோ. தொப்பியில் சக்கரவர்த்தியின் முத்திரை இருந்த இடத்தில் மூவர்ண ரிப்பன்.

"பெட்டி கட்டியாச்சா?" என்று கேட்டார் ரோகோ. 'ஐயா' இல்லை.

"ஆச்சு."

கூட வந்த இரண்டு மாலுமிகளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ரோகோ கதவைச் சாத்தினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி நீங்க பாத்தீங்களா?"

மேஜைக்குப் பின்னால் இருந்த அந்த மூன்று பேரிடம் சொன்ன பதில் ஸ்விர்னரின் நாக்கு நுனியிலேயே இருந்தது. ஆனால் எதிரே நின்றவர் ஒரு காலத்தில் அவருடைய வாளியைச் சுமந்தவர்.

"பாத்தேன்" என்றார்.

"பின்ன ஏன் சுடல?"

"கழுதைன்னு நெனச்சேன், ரோகோ."

ரோகோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாங்கதான கழுதை மாதிரி கத்துனோம்" என்றார். "நானும்தான கத்துனேன். யாக்கோவும்தான்." அதை ஸ்விர்னரிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. பிறகு கதவைத் திறந்தார். மாலுமிகள் பெட்டியைத் தூக்க வந்தார்கள்.

"வேணாம். அவரே தூக்கட்டும்" என்றார் ரோகோ.

இருபது வருஷத்தில் தன் பெட்டியைத் தான் சுமந்தறியாத கேப்டன் ஸ்விர்னர், போலா ரயில் நிலையம் வரைக்கும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பின்னால் ஃபோஸ்கா குடையோடு நடந்தாள். வழி நெடுகக் கூட்டம். அன்று யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை போல இருந்தது அவருக்கு.

வெல்ஸ் வந்து சேர்ந்தார்கள். நாடு சுருங்கிக் குடியரசாகிவிட்டது. மலை இருந்தது, மாடு இருந்தது, கடல் மட்டும் இல்லை. கடல் இல்லாத ஊரில் கடற்படை கேப்டனுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று ஃபோஸ்கா நினைத்தாள். தப்புக்கணக்கு. கடல் போன பிறகுதான் அந்த ஊருக்குக் கடல்மேல் ஆசையே வந்தது. 'வெல்ஸ் கடற்படை நண்பர்கள் சங்கம்' என்று ஒன்று முளைத்தது. தலைவர் பல் டாக்டர் லம்ப்ரெக்ட். தேனிலவுக்கு வெனிஸ் போனபோது படகில் ஏறியிருக்கிறார், அந்த அனுபவத்தில் தலைவரானார். மற்றவர்கள் பீர் காய்ச்சுகிறவர், தேகப்பயிற்சி வாத்தியார், இறைச்சிக்கடைக்காரர் என்று கரையோரம் போகாத கனவான்கள். எல்லாருக்கும் நங்கூரம் பொறித்த தொப்பி. தொப்பி ஸ்விர்னரின் அண்ணன் கடையில் செய்தது.

வருஷா வருஷம் நவம்பரில், வாத்து விருந்தன்று, சங்கத்தில் ஸ்விர்னர் பேசுவார்: 'நான் நீர்மூழ்கியைக் கொன்ற கதை.' முதல் வருஷம் மறுத்தார். அப்புறம் லம்ப்ரெக்ட் வீட்டுக்கே வந்து கெஞ்சினார். ஓய்வூதியம் ரொட்டிக்கே பற்றாத காலம் அது. போனார், பேசினார், கைதட்டினார்கள். இறைச்சிக்கடைக்காரர் மறுநாள் தொடைக்கறியில் நல்ல துண்டாக வெட்டிக் கொடுத்தார். அதன்பின் வருஷம் தவறவில்லை. ஃபோஸ்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து காலுறை பின்னுவாள். கைதட்டல் வரும்போது ஊசியை நிறுத்தமாட்டாள்.

ஒரு வருஷம் பேசி முடித்து உட்காரப் போனார். புதிதாகச் சேர்ந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் எழுந்து அப்பாவியாகக் கேட்டார்:

"அதுக்கப்புறம் வேற நீர்மூழ்கி ஏதாச்சும் பாத்தீங்களா, கேப்டன்?"

யாரும் அதுவரை கேட்டதில்லை.

"ஒண்ணு" என்றார் ஸ்விர்னர்.

"அதையும் மூழ்கடிச்சிட்டீங்களா?"

ஸ்விர்னர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இல்ல. முதல்ல பாத்தது நீர்மூழ்கி இல்ல. அது கோவேறு கழுதை. செத்த கழுதை" என்றார். காலைப் பற்றிச் சொன்னார், லாடத்தைப் பற்றிச் சொன்னார், குமிழி என்னவென்று சொன்னார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. பீர் காய்ச்சுகிறவர் மூக்கு வழியாகப் பீர் வந்துவிட்டது. "என்னா அடக்கம் பாருய்யா!" என்று ஒருவர் கத்தினார். ஸ்விர்னர் நிறுத்தவில்லை. இல்காவைப் பற்றிச் சொன்னார். குழாயைப் பார்த்ததும், வாயைத் திறந்ததும், தொலைநோக்கியை இறக்கியதும். சிரிப்பு ஒவ்வொரு மேஜையாக அணைந்தது. யாக்கோவ் பெயர் வந்தபோது எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தின் எலும்பில் ஏதோ எழுதியிருப்பது போல.

லம்ப்ரெக்ட் துள்ளி எழுந்தார். "கேப்டனுக்கு உடம்பு சரியில்ல. என்னப்பா பாத்துக்கிட்டு இருக்கீங்க, வாசிங்க!" வாத்தியக்காரர்கள் அணிவகுப்பு மெட்டு ஒன்றை எடுத்து விளாசினார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது ஃபோஸ்கா அவர் கையைக் கோத்துக்கொண்டாள். ரொம்ப நாள் ஆகியிருந்தது. பாலத்தில் வந்ததும் கேட்டாள்: "அப்ப மொத்தம் எத்தனை காலுங்க?"

"நாலு. ஒண்ணு நம்மகிட்ட வந்துட்டா மீதி மூணு" என்றார். இருவரும் சிரித்தார்கள். பிறகு அவர் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் பக்கத்திலேயே நின்றாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் ஸ்விர்னர் பேரில் எனக்கும் மரியாதை வந்திருக்கும்.

இரவில் சிரித்த ஊர் காலையில் யோசித்தது. நீர்மூழ்கி கழுதையானால், இத்தனை வருஷம் கைதட்டிய தாங்கள் யார்? தெருவில் வணக்கம் வைத்தவர்கள் கடை ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இறைச்சிக்கடைக்காரர் எலும்பாகப் பொறுக்கிக் கட்டினார். அண்ணன் வந்து, "உனக்கென்ன, வாய் தொறந்து சொல்லிட்ட. நங்கூரத் தொப்பி ஒண்ணுகூட விக்கல" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனான். ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் இப்படிப் போயின. அக்டோபரில் டாக்டர் லம்ப்ரெக்ட் வந்தார், கையில் கேக்கோடு.

"போன வருஷம் ஏதோ களைப்புல பேசிட்டீங்க. எல்லாரும் மறந்துட்டாங்க. இந்த வருஷம் பழையபடியே சொல்லிடுங்க கேப்டன். லின்ஸ்ல இருந்து பெரிய மனுஷங்கல்லாம் வர்றாங்க."

ஃபோஸ்கா அடுப்படியிலிருந்து பார்த்தாள். ஸ்விர்னர் கேக்கைப் பார்த்தார்.

"பழையபடின்னா..."

"குமிழி, எண்ணெய். அவ்வளவுதான்."

நவம்பரில் பழையபடியே சொன்னார். பழையதைவிட நன்றாகவே சொன்னார். நீர்மூழ்கி இப்போது பெரிதாக இருந்தது, திருப்பிச் சுட்டது. லின்ஸ் பெரிய மனிதர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் ஃபோஸ்கா நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் ரயில் நிலையத்துக்கு ஸ்விர்னரும் வந்தார்.

"தங்கச்சி வீட்டுக்குன்னா போயிட்டு வா. எப்ப வருவ?"

"தெரியலங்க."

"ஃபோஸ்கா, நான் என்ன பண்றது சொல்லு? அவங்களுக்கு அதுதான் வேணும்."

"ஊருக்கு வேணும்னு நீங்க கழுதைய நீர்மூழ்கின்னு சொன்னீங்க. ஊருக்குப் பயந்து யாக்கோவக் கொன்னீங்க. ஒரே ஒரு தடவை யாருக்கும் பயப்படாம நின்னீங்க, நான் அதப் பாத்தேன். அது போதும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க" என்றாள். ரயில் வந்தது. ஏறிவிட்டாள்.

போலாவில் தங்கையோடு சேர்ந்து அறை வாடகைக்கு விட்டுப் பிழைத்தாள். காலையில் கடலில் குளிப்பாள். ஸ்விர்னர் வெல்ஸிலேயே இருந்தார். ஒவ்வொரு நவம்பரிலும் வாத்து தின்றார், ஒவ்வொரு நவம்பரிலும் நீர்மூழ்கி கொஞ்சம் வளர்ந்தது. கடைசி வருஷங்களில் அவை இரண்டாகிவிட்டன என்று கேள்வி. அவரே நம்பினாரா என்று கேட்டால், தனியாகச் சாப்பிடுகிறவர் எதைத்தான் நம்பமாட்டார்?

ஒரு மார்ச் மாதம், காய்ச்சலில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். சங்கம் தடபுடலாக அடக்கம் செய்தது. நங்கூரத் தொப்பி போட்ட ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். டாக்டர் லம்ப்ரெக்ட் பேசினார். போலாவிலிருந்து ஃபோஸ்கா வந்திருந்தாள், தலையில் கறுப்புத் துணி. அவளிடம் வந்து, "அம்மா, நீங்க ரெண்டு வார்த்தை பேசுறீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"நீங்கதான் எல்லாத்தையும் பேசிட்டீங்களே, டாக்டர்" என்றாள்.

கூட்டம் பீர் குடிக்கக் கலைந்தது. அவள் மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். சங்கம் தன் செலவில் நட்ட கல்லைப் பார்த்தாள். பளிங்கு, பெயர், அதற்குக் கீழே பெரிதாக ஒரு நங்கூரம். செதுக்கிய ஆசாரி கடலைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. நங்கூரம் தலைகீழாக இருந்தது. ஃபோஸ்கா அதை யாரிடமும் சொல்லவில்லை. கையில் இருந்த பூவை வைத்தாள். மத்தியான ரயிலுக்கு நேரமாகிவிட்டது.